கடலோர விடுதியும் கித்தாத் தோட்டமும்

மலாக்கா நகருக்கு வடமேற்கே கடலை நோக்கி நீளும் நிலமுனைக்குத் தஞ்சோங் கிளிங் என்று பெயர். தஞ்சோங் என்னும் மலாய்ச் சொல் கடல்முனையைக் குறிக்கும். கிளிங் என்பது கலிங்கம் என்னும் நாட்டுப்பெயரின் வழிவந்தது என்பர். மலாய் நாட்டில் அது தென்னிந்திய வணிகரை, சிறப்பாகத் தமிழரைச் சுட்டுவதாயிற்று. பிற்காலத்தில் இழிவுக்குறிப்பு ஏறிய அச்சொல், பழைய மலாய் நூல்களில் செல்வமும் செல்வாக்கும் மிக்க ஒரு வணிகக் குழுவின் பெயராகவே வழங்கியது. அப்பெயரைத் தாங்கிய கரையில் நின்று, நம் நாட்டுக் கடலோர விடுதி ஒன்றின் வரலாற்றை நோக்குவோம்.

1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றுவதற்கு முன்பே, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர் இங்குக் காத்திருந்து தங்கினர். தென்மேற்குப் பருவக்காற்றில் வந்த கலங்கள், வடகிழக்குக் காற்று எழுந்த பின்னரே திரும்ப இயலும். ஆதலின் வணிகருக்கு இருப்பிடமும், சரக்குக்குக் காப்பிடமும், உணவும் தேவைப்பட்டன. அவ்வாழ்வின் தடம் மலாய்மொழியில் இன்றும் உள்ளது. கடை அங்கே 'கெடாய்' ஆயிற்று. கப்பல் 'காப்பால்' ஆயிற்று. கிடங்கு 'குடாங்' ஆயிற்று என்பர். சொற்களும் சரக்கோடு கரையிறங்கின என்பதற்கு இவை சான்று.

ஓட்டல் என்னும் சொல்லோ பின்னர் வந்தது. அதன் இலத்தீன் வேர் விருந்தினரோடு தொடர்புடையது. மருத்துவமனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அவ்வேரினதே. தமிழ்நாட்டில் அச்சொல் பெரும்பாலும் உண்ணுமிடம் என்ற அளவில் சுருங்கியது. நம் 'விருந்து' முதலில் புதுமையையும், பின் புதிதாய் வந்தவரையும், அதன்பின் அவருக்கு இடும் உணவையும் குறித்தது. ஒரு சொல்லில் பொருள் மாறுவதைப் போலவே, ஒரு விடுதியில் யார் விருந்தினர், யார் பணியாளர் என்பதும் காலத்தால் அமைகிறது.

பினாங்கு ஜார்ஜ் டவுனின் கடலோரத்தில் நிற்கும் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஓட்டலை எடுத்துக்கொள்வோம். ஆர்மீனியரான சர்க்கீசு உடன்பிறப்புகள் 1884இல் ஈஸ்டர்ன் ஓட்டலையும், 1885இல் ஓரியண்டல் ஓட்டலையும் தொடங்கினர். பின்னர் இரண்டும் ஒன்றாயின. அதே குடும்பத்தார் 1887இல் சிங்கப்பூரில் ராஃபிள்சு ஓட்டலையும், 1901இல் ரங்கூனில் ஸ்ட்ராண்டு ஓட்டலையும் திறந்தனர். நீராவிக் கப்பல்களும் 1869இல் திறக்கப்பட்ட சூயசுக் கால்வாயும் பயணிகளைப் பெருக்கியிருந்த காலம் அது. ஹெர்மன் ஹெசே, சோமர்செட் மாம் போன்ற எழுத்தாளர் பினாங்கு விடுதியில் தங்கினர். அர்ஷாக் சர்க்கீசின் பொறுப்பில் 1920களில் அது மேலும் விரிவடைந்து புகழின் உச்சியை அடைந்தது.

அப்புகழுக்குப் பொருள் எங்கிருந்து வந்தது? விடை பெரும்பகுதி தோட்டத்தில் உள்ளது. 1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரை வணிகப் பயிராக நட்டார். அடுத்த முப்பதாண்டுகளில் மலாயாவின் மேற்குக் கரையெங்கும் கித்தா மரங்கள் பரவின. பெரிய தோட்டங்களில் பால் வெட்டியோருள் பெரும்பாலார் தமிழகத்து ஊர்களிலிருந்து வந்தோர். 1925இல் ஓர் இறாத்தல் இரப்பர் ஒரு வெள்ளிக்கும் மேல் விற்றது. தோட்டத்துத் துரைமார் விடுமுறை நாள்களில் கடலோர விடுதிகளில் கூடிக் களித்தனர். விடியலில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து நிரைக்குச் சென்றவருடைய உழைப்பு அக்களிப்பின் அடியில் இருந்தது.

பின் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது. 1932இல் இறாத்தல் விலை ஏறத்தாழ 7 காசுக்கு இறங்கியது. துரைமாரின் செலவு சுருங்கவே விடுதிகளின் வருவாயும் சுருங்கியது. 1931இல் அர்ஷாக் மறைந்தார். அவ்வாண்டே சர்க்கீசு நிறுவனம் நொடித்தது. தோட்டங்களில் நாட்கூலி குறைக்கப்பட்டது. 1930 முதல் 1932 வரை 1,50,000க்கு மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இரு நிகழ்ச்சிகளும் ஒரே விலைச்சரிவின் விளைவுகள். ஆனால் அவை நினைக்கப்படும் முறை ஒன்றன்று. விடுதி வேறு கைகளுக்கு மாறிப் பிழைத்தது. 1996இல் மூடப்பட்டு, புதுப்பிக்கப்பட்டு, 2001இல் மீண்டும் திறந்தது. அங்குத் தங்கிய புகழ்மிக்கோரின் பெயர்கள் இன்றும் பெருமையுடன் சொல்லப்படுகின்றன. திரும்பிச் சென்ற பால்வெட்டுத் தொழிலாளரின் பெயர்களை அவ்வாறு சொல்வார் இலர். அவர்கள் தங்கிய லயங்களும், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பல இடங்களில் மறைந்தன.

எனவே, கடலோர விடுதியின் வரலாற்றை அதன் முகப்பிலிருந்து மட்டும் எழுதுதல் போதாது. அதன் சமையற்கட்டிலிருந்தும், அதற்குப் பொருளீட்டித் தந்த தோட்டத்திலிருந்தும் எழுதுதல் வேண்டும். பிரட்டு, கங்காணி, கிராணி, லயம், நிரை, கித்தா முதலிய சொற்களைப் பேச்சில் வழங்கிய தலைமுறை முதுமை எய்திவிட்டது. தஞ்சோங் கிளிங்கிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள மாணவர்கள், தம் பாட்டன் பாட்டியரிடம் அமர்ந்து, ஒவ்வொரு சொல்லையும் அது வழங்கிய தோட்டத்தின் பெயரோடு எழுதிக்கொள்ள வேண்டுகிறோம். ஆசிரியர்கள் அதனை ஒரு பருவத்துப் பயிற்சியாகவே தரலாம். பெயரேடு இல்லாதோருக்கு அக்குறிப்பேடே பெயரேடாகும்.