மான்செஸ்டரிலிருந்து வந்த மகாலட்சுமி

நம் மலையில் ஏற்றும் மகாதீபத்துக்குக் காடாத் துணிதான் திரி என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். வெளுக்காத, சாயம் போடாத பருத்தித் துணி அது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் காடா, மல், சிவப்புச் சாயத் துணி என்று பல ரகங்கள் இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் கப்பல் கப்பலாக மதராஸுக்கு வந்தன. ‘கிளாஸ்கோ மல்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்ல நீங்கள் கேட்டிருக்கலாம். அந்தத் துணிக் கட்டுகளின் மேல் ஒரு சிறிய வண்ணச் சீட்டு ஒட்டியிருக்கும். அதில் மகாலட்சுமியோ, கிருஷ்ணரோ, பிள்ளையாரோ, அனுமாரோ இருப்பார். இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலையும் அந்தச் சீட்டு உங்கள் பாட்டியின் டிரங்குப் பெட்டியிலும் இருக்கலாம். அதனால்தான் அதன் கதையை இங்கே சொல்கிறேன்.

சாமி படம் எதற்கு? பத்து மில்களின் வெள்ளைத் துணியை அடுக்கி வைத்தால் எது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. வாங்குபவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்தும் தெரியாது. ஆகவே படமே துணியின் பெயர் ஆயிற்று. போன முறை நன்றாக உழைத்த துணியில் எந்தப் படம் இருந்ததோ, அதையே கடையில் கேட்டு வாங்கினார்கள். மான்செஸ்டர் வியாபாரிகள் இந்தச் சீட்டை ‘டிக்கெட்’ என்றார்கள். வடக்கே ‘டிகா’, ‘சாப்’ என்றார்கள். நாம் ‘மார்க்’ என்கிறோம்.

நல்ல பெயர் எடுத்த படத்தைப் போலவே இன்னொன்றை அச்சடித்து மட்டத் துணியில் ஒட்டும் வேலையும் நடந்தது. பிரிட்டனில் 1875-ல் வணிக முத்திரைப் பதிவுச் சட்டம் வந்தது. பருத்தித் துணிக்கான முத்திரைகள் ஏராளமாக இருந்ததால் மான்செஸ்டரில் தனி அலுவலகமே வைத்தார்கள். இந்தியாவில் 1889-ல் வணிகப் பொருள் முத்திரைச் சட்டம் வந்தது. சீட்டின் ஓரத்தில் ‘ரிஜிஸ்டர்டு’ என்று இருந்தால், அதன் பின்னால் இத்தனை வழக்கும் வம்பும் உண்டு.

படங்களைக் கல்லச்சில் அச்சடித்தார்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தனிக் கல். வரைந்தவர்களில் பலர் நம் நாட்டைப் பார்த்ததே இல்லை. இங்கிருந்து போன படங்களையும் புகைப்படங்களையும் பார்த்து வரைந்தார்கள். சில சீட்டுகளில் தேவியின் முகம் ஆங்கிலேயச் சீமாட்டியைப் போல இருப்பதற்கு இதுதான் காரணம். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு, அவருடைய லட்சுமி, சரஸ்வதி படங்களின் சாயல் எங்கும் பரவியது.

துணி கிழிந்து கந்தலானது. சீட்டு மட்டும் பூஜை மாடத்தில் தங்கிவிட்டது. வண்ணத்தில் அச்சான சாமி படம் அரிதாக இருந்த காலத்தில், துணியோடு காசில்லாமல் வந்த படம் அது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மில் நூல் வந்ததும் வீட்டில் ராட்டையில் நூற்ற பெண்களின் கூலி போனது. கைத்தறி நெசவாளர்கள் மில் நூலை வாங்கி நெய்யும் நிலை வந்தது. அந்த நூல் சிப்பத்தின் மேலும் சாமி படம்தான். 1921 ஜூலை 31 அன்று பம்பாயில் காந்தி அந்நியத் துணியைக் குவித்துத் தீ வைத்தார். அதே செப்டம்பரில் நம் மதுரையில்தான் அரையாடைக்கு மாறினார். மக்கள் கும்பிட்ட படமும் மக்கள் எரித்த துணியும் ஒரே கட்டில் வந்தவை. சீட்டின் அழகைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பிற்காலத்தில் சாமி படங்களைச் சிவகாசி காலண்டர்கள் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தன. அந்தப் படங்களை வரைந்தவர்களில் பெரும் பெயர் பெற்றவர் கோவில்பட்டி கொண்டையராஜு. அவர் இளமையில் சில காலம் நம் ஊர் ரமணாசிரமத்தில் வாழ்ந்தவர் என்பது நமக்கெல்லாம் பெருமை. பெங்களூரின் ‘மேப்’ அருங்காட்சியகம் 2025-ல் இந்தச் சீட்டுகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது.

உங்களிடம் ஒன்று இருந்தால் சில விஷயங்களைக் கவனியுங்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள். புள்ளிகள் ஒழுங்கற்றுச் சிதறியிருந்தால் பழைய கல்லச்சாக இருக்கலாம். வரிசை பிசகாத நுண்புள்ளிகள் இருந்தால் பிற்கால நகலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். துணியில் ஒட்டியிருந்தால் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்காதீர்கள், துணியோடு சேர்ந்திருப்பதே அதற்கு மதிப்பு. லாமினேஷன் வேண்டாம், செல்லோடேப் வேண்டாம், வெயில் படும் சுவரில் மாட்டவும் வேண்டாம். அமிலமற்ற காகிதத்தில் மடிக்காமல் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அது எந்தத் துணியோடு வந்தது, யார் வாங்கியது, எந்த ஊர்க் கடை என்று பெரியவர்களிடம் இப்போதே கேட்டுத் தனித் தாளில் எழுதிச் சீட்டோடு வையுங்கள். சீட்டைக் காசு கொடுத்தால் வாங்கிவிடலாம். உங்கள் வீட்டுக்கு அது வந்த கதையைச் சொல்ல அவர்களை விட்டால் ஆள் இல்லை.