பட்டிப்பொலவும் பெருவெளியும்

ஈழத்தின் எழிலைக் காண விழைவோர், கொழும்பிலிருந்து பதுளை செல்லும் புகைவண்டியில் ஏறிப் பட்டிப்பொலவில் இறங்குவர். கடல் மட்டத்திலிருந்து 6,226 அடி உயரத்தில் அமைந்த இதுவே இலங்கையின் மிக உயர்ந்த புகையிரத நிலையம்.

இங்கிருந்து மலையேறினால் ஹோட்டன் சமவெளியை அடையலாம். சிங்கள மக்கள் ‘மகா எலிய’ என வழங்கிய இவ்வெளிக்கு, 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த வில்மட் ஹோட்டனின் பெயரை ஆங்கிலேயர் சூட்டினர். உயரத்தில் இத்தீவின் இரண்டாம், மூன்றாம் சிகரங்களாகிய கிரிகல்பொத்தவும் தொட்டுபொலவும் இங்கேயே உள்ளன. தொட்டுபொலவில் இராவணனது புட்பக விமானம் இறங்கிற்று என்பது செவிவழிக் கதை. மகாவலி, களனி, வளவை ஆகிய முந்நதிகளுக்கும் நீரூட்டுவது இவ்வெளியே. இதன் தென் விளிம்பில், ஏறத்தாழ 870 மீற்றர் ஆழத்துக்குச் செங்குத்தாக இறங்கும் பள்ளமே ‘உலக முடிவு’. காலையிலேயே சென்றாலன்றி மூடுபனி அதனை மறைத்துவிடும்.

யானை வேட்டைக்குப் பேர்போன சாமுவேல் பேக்கர் 1848 இல் நுவரெலியாவில் குடியேறினார். இங்குள்ள அருவியொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. யானைகளோ இன்று இவ்வெளியில் இல்லை; மரைகளே மேய்கின்றன. கோப்பியும் தேயிலையும் மலைக்காடுகளை விழுங்கிய காலத்தில் இவ்வெளி தப்பியது எங்ஙனம்? தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்கலாகாதென 1873 இல் பிறந்த கட்டளையே அதற்குக் காரணம். 1988 இல் இது தேசியப் பூங்காவாயிற்று. 2010 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

இனி, நம்மை இங்குக் கொணர்ந்த இருப்புப்பாதையை நோக்குவோம். 1885 இல் நானுஓயாவைத் தொட்ட பாதை, 1893 இல் அப்புத்தளையை அடைந்தது. குளிரிலும் மழையிலும் மலையைக் குடைந்து இதனை அமைத்த உழைப்பில், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்க்குப் பெரும் பங்குண்டு. ஆனால் 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கிற்று. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின், பல்லாயிரவர் மலைநாட்டுப் புகைவண்டிகளில் ஏறித் தலைமன்னார் வழியே தாயகம் எனப்பட்ட அந்நிய மண்ணுக்குச் சென்றனர். எஞ்சியோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே வந்தது.

வெளிக்குத் தேசாதிபதியின் பெயர். அருவிக்கு வேட்டைக்காரரின் பெயர். பாதை அமைத்தோர் பெயரால் இங்கு ஒரு குன்றும் வழங்கவில்லை. வாலிப நண்பர்களே! நம் தோட்டத்து முதியோரை அணுகி, அவர்தம் முன்னோர் பெயரையும், வந்த ஊரையும், செய்த தொழிலையும் கேட்டு எழுதி வைப்போமாக. அவர்கள் இருக்கும்போதே இப்பணியைச் செய்தல் நம் கடன்.