பிட்யூட்டரிக் கட்டி: அறுவைக்கு முந்தைய படங்களும் விளைவுக் கணிப்பும்

மூளையின் அடியில், துருக்கிச் சேணம் எனப்படும் எலும்புக் குழிக்குள் பட்டாணி அளவில் இருப்பது பிட்யூட்டரி சுரப்பி. இதில் தோன்றும் கட்டிகள் மிகப் பெரும்பாலும் வேறு உறுப்புகளுக்குப் பரவாதவை. புரோலாக்டின் சுரக்கும் கட்டிகளில் பல காபர்கோலின் மாத்திரைக்கே சுருங்கிவிடும். மற்ற வகைகளுக்குச் சிகிச்சை தேவைப்பட்டால், மூக்கின் வழியே ஸ்பீனாய்டு எலும்பறையைத் திறந்து கட்டியை எடுப்பது வழக்கம். கட்டி முழுவதும் வருமா, பார்வை திரும்புமா, ஹார்மோன் சீராகுமா என்பவற்றை முன்கூட்டியே கணிக்க எம்.ஆர்.ஐ. படமே முதன்மைத் துணை.

10 மி.மீ.க்குக் குறைந்தது நுண்கட்டி, அதற்கு மேல் பெருங்கட்டி, 40 மி.மீ.யை எட்டினால் இராட்சதக் கட்டி. ஆனால் அளவைக் காட்டிலும் கட்டி எந்தப் பக்கம் வளர்ந்திருக்கிறது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. நேர்மேலே எழும்பிய பெரிய கட்டி, கீழ்ப்பகுதியை எடுத்ததும் பெரும்பாலும் தானே இறங்கிவரும். பக்கவாட்டில் கேவர்னஸ் சைனஸுக்குள் புகுந்த சிறு கட்டியோ அங்கேயே தங்கிவிடக்கூடும். அந்தச் சிரைக்குழிக்குள்தான் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் உட்கரோட்டிட் தமனியும், கண்ணை அசைக்கும் நரம்புகளும் செல்கின்றன. அங்கே கருவியை நீட்டுவதில் ஆபத்து மிகுதி.

இந்த ஊடுருவலை அளவிட வியன்னாவின் எங்கல்பர்ட் நோஸ்ப் குழுவினர் 1993இல் வெளியிட்ட தரவரிசை இன்றும் பயன்பாட்டில் உள்ளது. முகத்துக்கு இணையாக வெட்டிய எம்.ஆர்.ஐ. படத்தில், கரோட்டிட் தமனி மேலும் கீழுமாக இரண்டு வட்டங்களாகத் தெரியும். அவ்வட்டங்களின் உள்விளிம்பு, மையம், வெளிவிளிம்பு ஆகியவற்றைத் தொட்டு மூன்று கோடுகள் இழுக்கப்படும். உள்கோட்டைத் தாண்டாத கட்டி தரம் 0. உள்கோட்டைத் தாண்டினால் 1, மையக்கோட்டைத் தாண்டினால் 2, வெளிக்கோட்டைத் தாண்டினால் 3. தமனியை முழுவதுமாகச் சுற்றி வளைத்தது தரம் 4. அதில் முழு நீக்கத்தை எதிர்பார்ப்பதற்கில்லை. 2015இல் வியன்னாக் குழுவினரே மூன்றாம் தரத்தை இரண்டாகப் பிரித்தனர். எண்டோஸ்கோப்பில் நேரில் பார்த்தபோது, தமனிக்கு மேற்புறமாக நீண்டவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒன்றே உண்மையில் ஊடுருவியிருந்தது. கீழ்ப்புறமாக நீண்டவற்றில் ஏறத்தாழ 70 விழுக்காடு. மற்றவை சைனஸின் சுவரைத் தள்ளியிருந்தனவே தவிர, துளைக்கவில்லை. தரம் 3 என்ற ஒற்றை எண்ணை மட்டும் வைத்து நோயாளியின் நம்பிக்கையைக் குறைத்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

கட்டி மிருதுவானதா, இறுகியதா என்பதையும் அறுவை மருத்துவர் முன்பே அறிய விரும்புவார். மிருதுவானது உறிஞ்சு குழாயில் வந்துவிடும். நார் மிகுந்தது துண்டு துண்டாக வெட்டியெடுக்க வேண்டியது. எம்.ஆர்.ஐ.யின் டி2 வகைப் படத்தில் வெண்மையாகத் தெரிவது மிருதுத்தன்மையைக் காட்டும் என்று சில ஆய்வுகள் சொல்ல, வேறு சில மறுக்கின்றன. இந்த அடையாளத்தை மட்டும் நம்பித் திட்டமிடுவது சரியல்ல.

பார்வை குறித்த கணிப்புக்கு எம்.ஆர்.ஐ. மட்டும் போதாது. பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தைக் கட்டி எவ்வளவு அழுத்துகிறது என்பதை அது காட்டும். நரம்பு எவ்வளவு பழுதாகிவிட்டது என்பதைக் கண் மருத்துவர் எடுக்கும் ஓ.சி.டி. எனப்படும் விழித்திரை அடுக்குப் படமே காட்டும். விழித்திரை நரம்பிழை அடுக்கு மெலியாமல் இருந்தால், அழுத்தம் நீங்கியதும் பார்வை மீளும் வாய்ப்பு அதிகம்.

சி.டி. படத்தில் ஸ்பீனாய்டு அறையின் காற்றோட்ட அமைப்பும் தடுப்புச் சுவர்களும் தெளிவாகும். சில தடுப்புச் சுவர்கள் நேராகக் கரோட்டிட் தமனியின் மீதே போய் முடியும். அவற்றை முறுக்கி ஒடித்தால் தமனி கிழியலாம். கட்டியைப் போலத் தோன்றும் இரத்தநாளப் புடைப்பும் அரிதாக அதே இடத்தில் இருக்கும். ஐயம் இருந்தால் அறுவைக்கு முன்பே இரத்தநாளப் படம் எடுத்தாக வேண்டும்.

குஷிங் நோயில் நிலைமை வேறு. இதற்குக் காரணமான, ஏ.சி.டி.எச். என்னும் ஹார்மோனைச் சுரக்கும் கட்டி பெரும்பாலும் சில மில்லிமீட்டரே இருக்கும்; கணிசமான நோயாளிகளின் படத்தில் அது தெரிவதே இல்லை. அப்போது இருபுறப் பெட்ரோசல் சிரைகளிலிருந்தும் இரத்தம் எடுத்து, ஹார்மோன் பிட்யூட்டரியிலிருந்துதான் வருகிறதா என்று உறுதிசெய்வார்கள். படத்தில் கட்டி தெளிவாகத் தெரிந்தவர்களுக்கு நோய் தணியும் வாய்ப்பு பொதுவாகக் கூடுதல். தெரியாதவர்களுக்கு, சுரப்பியை மெல்லிய துண்டுகளாகத் திறந்து தேட வேண்டியிருக்கும்.