பல் கூச்சத்துக்கு பேஸ்ட் போடுறீங்களா? பல்லின் வேரில் என்ன நடக்குது தெரியுமா?

ஐஸ்கிரீம் சாப்பிட்டாலே பல் 'சுர்'ருன்னு கூசுதா? ஈறு கீழிறங்கி, பல்லின் வேர் வெளியே தெரிவது இதற்கு முக்கியக் காரணம்.

வேரில் எனாமல் கிடையாது. அதை மூடியிருக்கும் சிமென்டம் மிக மெல்லிய படலம். அது தேய்ந்தால் உள்ளே இருக்கும் டென்டின் வெளிப்படும். டென்டினில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஏராளம். குளிர்ச்சி பட்டதும் அவற்றில் உள்ள திரவம் அசைந்து நரம்பைத் தூண்டுகிறது. அதுதான் கூச்சம்.

நரம்பை அடக்கும் பேஸ்ட்

5% பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் நரம்பை அமைதிப்படுத்தும். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். ஆனால் குழாய்கள் திறந்தேதான் இருக்கும்.

குழாயை அடைக்கும் சிகிச்சை

ஸ்டானஸ் ஃபுளோரைடு, அர்ஜினைன் கலந்த பேஸ்ட்கள் குழாய் வாயில் படிந்து அடைக்கும். பல் மருத்துவர் பூசும் ஃபுளோரைடு வார்னிஷ், வேரில் சொத்தை விழாமலும் காக்கும்.

அடைப்பு நிலைக்குமா?

அது நம்ம கையில்தான் இருக்கு. எனாமல் கரையத் தொடங்கும் பிஎச் அளவு சுமார் 5.5. டென்டினோ 6-க்கு மேலேயே கரையத் தொடங்கிவிடும். எலுமிச்சை ஜூஸ், கூல்டிரிங்ஸ் அடிக்கடி குடித்தாலும், பிரஷ்ஷை அழுத்தித் தேய்த்தாலும் அடைப்பு போய்விடும், வேரும் தேயும். அதனால் மென்மையான பிரஷ் போதும். புளிப்பாகக் குடித்ததும் வாயைக் கொப்பளிங்க. உடனே பல் துலக்காதீங்க.

வலி நின்றதால் வேர் பத்திரம் என்று அர்த்தமில்லை. 4 வாரம் ஆகியும் கூச்சம் போகலைன்னா, சொத்தையோ விரிசலோ இருக்கலாம். பல் மருத்துவரைப் பாருங்க.