கறந்த பாலில் வீட்டிலேயே தயிர், வெண்ணெய், நெய், பனீர்: எப்படி செய்வது? எதை மறக்கக் கூடாது?

பால்காரரிடம் கறந்த பால் வாங்கும் வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அந்தப் பாலில் இருந்தே தயிர், மோர், வெண்ணெய், நெய், பனீர் என எல்லாத்தையும் வீட்டிலேயே எடுத்துவிடலாம். ஆனால், 'கறந்த சூட்டோட குடிச்சாத்தான் சத்து' என்று காய்ச்சாமல் பயன்படுத்தினால் சிக்கல்தான்.

ஏன் காய்ச்ச வேண்டும்?

பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் மாட்டின் பாலிலும் நோய்க்கிருமிகள் இருக்கலாம். புருசெல்லோசிஸ், மாட்டுக் காசநோய் போன்றவை பச்சைப் பால் மூலம் மனிதர்களுக்குப் பரவக்கூடியவை. மடி, கை, பாத்திரம் வழியாக ஈ-கோலி, சால்மோனெல்லா கிருமிகளும் பாலில் சேரலாம்.

தயிராக்கிவிட்டால் புளிப்பிலேயே கிருமி செத்துவிடும் என்று நம்ப முடியாது. எனவே எதைச் செய்வதாக இருந்தாலும் முதல் வேலை காய்ச்சுவதுதான்.

பால் பொங்கியதும் உடனே இறக்கிவிடாதீர்கள். தீயைக் குறைத்து, கிளறியபடி இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். கறந்த பாலை வெளியிலேயே வைத்திருக்காமல் சீக்கிரம் காய்ச்சிவிடுவது நல்லது.

தயிர்

காய்ச்சிய பாலை விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். ஒரு லிட்டருக்கு ஒரு ஸ்பூன் தயிரை உறை ஊற்றிக் கலக்கி, மூடி வையுங்கள். 6 முதல் 8 மணி நேரத்தில் உறைந்துவிடும். குளிர்காலத்தில் இன்னும் நேரம் பிடிக்கும். பால் அதிக சூடாக இருந்தால் உறையில் உள்ள நல்ல பாக்டீரியா செத்துவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தும் தயிர் உறையலையா? மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருந்தாலும் அப்படி ஆகலாம். அந்த மருந்து பாலில் கலந்து, உறை பாக்டீரியாவையும் தடுத்துவிடும். காய்ச்சினாலும் மருந்து முழுசாகப் போகாது. அதனால் மாட்டுக்குச் சிகிச்சை நடக்குதா என்று பால்காரரிடம் கேட்டுவிடுங்கள். மருத்துவர் சொல்லும் நாள் வரை அந்தப் பாலைப் பயன்படுத்தக் கூடாது.

வெண்ணெய், நெய்

தயிர் மேல் படியும் ஆடையை ஃபிரிட்ஜில் சேர்த்து வையுங்கள். நான்கைந்து நாளில் போதுமான அளவு சேர்ந்ததும், குளிர்ந்த நீர் விட்டு மத்தால் கடைந்தால் வெண்ணெய் திரண்டு மேலே மிதக்கும். தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசினால் புளிப்பு வாசம் குறையும். மிச்சம் இருப்பது மோர்.

வெண்ணெயைச் சிறு தீயில் உருக்குங்கள். சடசட சத்தம் அடங்கினால் அதிலிருந்த தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். அடியில் கசடு பொன்னிறமானதும் முருங்கை இலை போட்டு இறக்கி, வடிகட்டுங்கள். ஈரக் கரண்டி படாமல் பார்த்துக்கொண்டால் நெய் நீண்ட நாள் கெடாது. எருமைப் பாலில் கொழுப்பு அதிகம் என்பதால் வெண்ணெயும் நெய்யும் கூடுதலாகக் கிடைக்கும்.

பனீர்

கொதிக்கும் பாலில் தீயைக் குறைத்து, தண்ணீர் கலந்த எலுமிச்சைச் சாறை ஒவ்வொரு ஸ்பூனாக விடுங்கள். பால் திரிந்து நீர் தெளிவாகப் பிரிந்ததும் நிறுத்திவிடுங்கள். துணியில் வடிகட்டி, அலசி, மேலே பாரம் வைத்தால் அரை மணி நேரத்தில் பனீர் ரெடி. ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். பிரிந்த நீரைக் கொட்டாதீர்கள், சப்பாத்தி மாவு பிசையலாம்.

யாருக்கு அதிக ஆபத்து?

கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் பச்சைப் பாலைத் தொடவே கூடாது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டு வலி இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சாத பால் குடித்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். என்ன பரிசோதனை தேவை என்பதை முடிவு செய்ய அந்த ஒரு தகவல் உதவும்.