கிணறு, வயல்: இரண்டு சொற்கள்

தாடிக்கொம்பில் கிணறு என்றால் தண்ணி. எங்கள் தோட்டத்தில் போர் போட்ட அன்று அப்பா ராத்திரி முழுக்க வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வந்ததெல்லாம் கல்லுப் புழுதி. 'ஈரமே இல்லைங்க' என்றார் போர்க்காரர். அத்தோடு அந்தக் கிணற்றின் சரித்திரம் முடிந்தது, கடன் மிஞ்சியது.

காவிரிப் படுகையில் கிணற்றுக்கு இன்னொரு அர்த்தம் உண்டு. எங்கள் பக்கத்துப் படிகப் பாறையில் எரிவாயு உருவாக வழியில்லை. அங்கே கடலும் ஆறும் அடுக்கடுக்காகச் சேர்த்த படிவப் பாறை. 1964இல் காரைக்காலில் ஓ.என்.ஜி.சி. ஆழ்துளை இறக்கியது. 1980களில் நரிமணமும் கோவில்களப்பாலும் வரைபடத்தில் ஏறின.

துளையிடுவதைவிடத் துளையை வாசிப்பதுதான் அங்கே முக்கியம். சேற்றுக் கரைசலோடு மேலே வரும் பாறைத் துணுக்குகளை உருப்பெருக்கியில் பார்க்கிறார்கள். கம்பியில் கருவியை இறக்கி ஒவ்வொரு அடுக்கின் மின்தடையை அளக்கிறார்கள். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், வாயு கடத்தாது. நம்பிக்கை தரும் அடுக்கைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு வரத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடுகிறார்கள். பிறகு தீர்ப்பு: உற்பத்தி, அல்லது சிமெண்ட் அடைப்பு. ஒன்றும் கிடைக்காத கிணறுகூட ஆவணமாகிறது. அப்பாவின் போருக்கு அந்த யோகம் இல்லை.

இந்த வாசிப்பு பாறையோடு முடிந்துவிடுகிறதா? 2017 பிப்ரவரி 15 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 31 பகுதிகளில் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலும் ஒன்று. 'கண்டறியப்பட்ட சிறு வயல்கள்' என்று அதற்குப் பெயர். கண்டறிந்தது முன்னமே, லாபம் போதாதென்று கிடப்பில் போட்டது. எடுப்பவரே விலை வைத்து விற்கலாம் என்ற புதிய விதி வந்ததும் அதற்கு மதிப்பு வந்துவிட்டது. பாறை மாறவில்லை, கணக்கு மாறியது.

'வயல்' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். உழுகிறவன் இல்லாத வயல் அது. நெடுவாசலுக்குக் காவிரித் தண்ணீர் எட்டாது. எங்க ஊரைப் போலவே ஆழ்துளைக் கிணற்றை நம்பிய விவசாயம். ஒரே மண்ணில் இரண்டு கிணறுகள் மோதின. அந்த மாதமே ஊர் போராட்டத்தில் உட்கார்ந்தது. ஆவணத்தில் இடம் கிடைக்காத மதிப்பீடு தெருவுக்கு வந்தது என்றே இதை நான் வாசிக்கிறேன்.

2020இல் தமிழக அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இயற்றிப் புதிய கிணறுகளைத் தடுத்தது. ஏற்கெனவே நடந்துவந்தவற்றைத் தொடவில்லை. மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று கருவி சொல்லிவிடும். அது எதற்குச் சமம் என்று சொல்கிற உரிமை யாருக்கு என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.