சட்டைக் கையில் ஒரு புலி

கோரிப்பாளையத்துத் தேவர் சிலையைக் கண்டால் மதுரைக்காரர்களுக்கு நேதாஜியின் நினைவும் கூடவே வரும். 1939-ல் நேதாஜி மதுரைக்கு வந்தபோது வரவேற்று நின்றவர் முத்துராமலிங்கத் தேவர். 1941-ல் நேதாஜி ஜெர்மனி போய்ச் சேர்ந்தார். வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு அங்கே ஒரு படை திரட்டினார். உடுப்பு ஜெர்மானியருடையது, சட்டைக் கையில் மட்டும் மூவர்ணமும், அதன்மேல் பாயும் புலியும், ஜெர்மன் எழுத்தில் 'சுதந்திர இந்தியா' என்ற வாசகமும்.

அந்தச் சின்னத்தைத் தேடி வாங்கிச் சேர்க்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். விலை ஏறினால் போலியும் வரத்தானே செய்யும்? புற ஊதா விளக்கில் காட்டினால் பிற்காலத்து நூல் பெரும்பாலும் பளிச்சென்று ஒளிரும். போர்க்கால நூல் ஒளிராது. ஆனால் அசலையே இந்தக் காலத்துச் சோப்புத்தூளில் துவைத்திருந்தால் அதுவும் ஒளிரக்கூடும்.

துணியைச் சோதிக்க விளக்கு உண்டு. அணிந்தவன் மனத்தைச் சோதிக்க எது உண்டு? 1942-ல் அவர்கள் செய்த சத்தியத்தில் நேதாஜியின் பெயரும் இருந்தது; ஹிட்லரின் பெயரும் இருந்தது. 1944-ல் அந்தப் படை எஸ்.எஸ். வசம் போயிற்று. நாட்டு விடுதலைக்காக உடுத்தியதும், கொடுங்கோலன் கொடுத்ததும் ஒரே சட்டைதான். அசல் சின்னத்தை வாங்குகிறவர் அந்தச் சங்கடத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்.